உளப்பகுப்பாய்வு கேக்குமா, கேக்காதா?

பல்லடத்து வாசகி, ஆகஸ்ட் 3, 2025, காலை 11.10

என் தம்பிக்கு 26 வயசு. ஆறு மாசமா வீட்டுக்குள்ளேயே கிடக்கறான், வேலைக்குப் போறதில்லை. கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். உளப்பகுப்பாய்வு பண்ணலாம், வாரம் ரெண்டு நாள் வரணும், ரெண்டு வருஷமாவது ஆகும்ங்கறார். அப்பா "பேசறதுக்குக் காசா?"ன்னு எந்திரிச்சு வந்துட்டார். அனுபவப்பட்டவங்க ஆராவது சொல்லுங்க. இது கேக்குமா? இல்ல, தறி ஓட்டிச் சேர்த்ததை வாரிக் கொடுத்துட்டு வர்ற கதையா?

ஆகஸ்ட் 3, இரவு 8.30

இன்னைக்கு ஆடிப் பதினெட்டு நோம்பி. தேங்காய்ப் பருப்பு காயற களத்துல ஆள் இல்லை, அதனால உக்காந்து எழுதறேன்.

நான் போனவன். காங்கயத்திலிருந்து வியாழக்கிழமை தவறாம, ரெண்டு வருஷம் எட்டு மாசம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி டவுன் பஸ் மாறணும். ஐம்பது நிமிஷப் பேச்சுக்கு ஒரு பகல் போயிரும். தடவைக்கு 1,200 ரூபாய். கூட்டினா ஒன்றரை லட்சத்துக்கு மேல. அந்தக் காசுக்கு நல்ல காளை ஒரு ஜோடி பிடிச்சிருக்கலாம்னு என் மச்சான் இன்னைக்கும் சொல்றார்.

எனக்குக் கேட்டுச்சு. ஆனா எது கேட்டுச்சுன்னு எனக்கே இன்னும் பிடிபடலை. மருந்து கேக்குதுன்னு சொல்றோமில்ல, இந்த வைத்தியத்துக்குத்தான் அந்த வார்த்தை நெசமாப் பொருந்துது. எதிர்ல ஒருத்தர் உக்காந்து கேக்கறார். மருந்துன்னு பார்த்தா அது ஒண்ணுதான்.

அம்மிணி, தம்பிக்கு என்ன தொந்தரவுன்னு நீங்க சொல்லவே இல்லை. "வீட்டுக்குள்ளேயே கிடக்கறான்"ங்கறது நோய் இல்லை, விலாசம்.

ஆகஸ்ட் 4, இரவு 9.40

மொதல்ல ஒரு திருத்தம். நான் பண்ணிக்கிட்டதை உளப்பகுப்பாய்வுன்னு சொன்னா அந்த ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. அசலானது வாரத்துக்கு நாலஞ்சு நாள், படுக்கையில படுத்து, வைத்தியர் முகம் தெரியாம, மனசுல வர்றதை வடிகட்டாமச் சொல்றது. இந்த வைத்தியத்தை உண்டாக்கின ஃப்ராய்டு வியன்னாவுல ஞாயிறு தவிர ஆறு நாளும் பார்த்தார். நமக்குக் கிடைக்கறது அதோட பேரன்: சைக்கோடைனமிக் தெரபி. நாற்காலி, எதிரெதிரா, வாரம் ஒண்ணோ ரெண்டோ. உங்க தம்பிக்குச் சொன்னதும் அதாத்தான் இருக்கும்.

இனி என் கதை. 2018ல அப்பா போய்ச் சேர்ந்தார். அடுத்த மாசத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணியானா நெஞ்சு மேல அரிசி மூட்டையை வெச்ச மாதிரி ஒரு அழுத்தம். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், எல்லாம் சுத்தம். ஒருத்தர் கேஸ்னார். கடைசியா ஒரு மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார், ரெண்டு மாசத்துல பாதி குறைஞ்சுது. இதை மறைக்காமச் சொல்லணும், மொதல்ல கைகொடுத்தது மாத்திரைதான். மீதிப் பாதிக்குத்தான் கோயமுத்தூர் போனேன்.

அஞ்சாவது மாசம் ஒரு ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல ஆறு மணிக்கு வாசல்ல அப்பாவோட டிவிஎஸ் 50 சத்தம் கேக்கும். அம்மா ரேடியோவை நிறுத்தும். நான் திண்ணையிலிருந்து காலைக் கீழ போட்டுக்குவேன். அவர் என்கிட்ட நேராப் பேசினதே இல்லை. ரெண்டடி தள்ளி நிப்பேன், அம்மாகிட்ட "அவனைக் கணக்கு எழுதச் சொல்லு"ம்பார். இதைச் சொல்லிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். அடுத்த வாரம் மூட்டை இறங்கிருச்சு. இந்த வைத்தியத்தோட பலமே இதுதான்: மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கும், மூட்டையை ஆரு வெச்சாங்கன்னு சொல்லாது.

ஆகஸ்ட் 4, இரவு 9.55

மேல எழுதினதைப் படிச்சா சினிமாவுல கடைசி ரீல் மாதிரி இருக்குது. அழுதான், ஞாபகம் வந்துச்சு, குணமாச்சு. அப்படி நடக்கலைங்க. மூட்டை இறங்கினது நெசம். மூணாவது வாரம் திரும்பி ஏறினதும் நெசம்.

இந்த வைத்தியம் பிறந்த கதையிலேயே இந்தப் பொய் இருக்குது. 'அன்னா ஓ'ங்கற பேர்ல எழுதப்பட்ட பொண்ணு, நெசப் பேர் பெர்த்தா பாப்பன்ஹைம். 'பேச்சு வைத்தியம்'ங்கற பேரை வெச்சதே அந்தப் பொண்ணுதான். வேடிக்கையா 'புகைபோக்கி சுத்தம் பண்றது'ன்னும் சொல்லுமாம். அந்தப் பொண்ணுக்கு வைத்தியம் பார்த்த ப்ராயரும் ஃப்ராய்டும் 1895ல போட்ட புஸ்தகத்தைப் படிச்சா நோய் தீந்துருச்சுன்னுதான் தோணும். ஆனா வைத்தியம் முடிஞ்ச கையோட, 1882லேயே, அந்தப் பொண்ணை சுவிட்சர்லாந்துல ஒரு சானடோரியத்துல சேர்க்க வேண்டி வந்துச்சு. பொறகு தேறி எந்திரிச்சு யூதப் பெண்களுக்காக 1904ல ஒரு சங்கமே ஆரம்பிச்சுது. அந்தத் தேறுதல்ல பேச்சு வைத்தியத்தோட பங்கு எவ்வளவுன்னு ஆரும் அளந்து சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 5, மதியம்

"போலி அறிவியல், ஐசெங்க் அப்பவே நிரூபிச்சுட்டார்"னு ஒருத்தர் எனக்குத் தனியா எழுதியிருக்கார். இங்கேயே சொல்லிக்கறேன்.

1952ல ஹான்ஸ் ஐசெங்க்ங்கற லண்டன் உளவியலாளர் கணக்குப் போட்டார். உளப்பகுப்பாய்வுல தேறினவங்க 44 சதவீதம், மத்த பேச்சு வைத்தியங்கள்ல 64, சாதாரண டாக்டர்கிட்டயோ ஆஸ்பத்திரியிலயோ சும்மா இருந்தவங்க 72. அதாவது எத்தனைக்கு எத்தனை பேசறமோ அத்தனைக்கு மோசம். கணக்குல ஒரு சங்கதி: நடுவுல நின்னுக்கிட்டவங்களை எல்லாம் தேறாதவங்க பக்கம் தள்ளி வந்த எண்தான் 44. அதே ஐசெங்க் பங்குபோட்ட 26 கட்டுரைகளை, புற்றுநோய்க்கும் குணத்துக்கும் முடிச்சுப் போட்டதெல்லாம், 2019ல லண்டன் கிங்ஸ் காலேஜ் விசாரணையே நம்ப முடியாதுன்னு சொல்லிருச்சு. அதனால அவர் 1952ல சொன்னதும் தப்புன்னு ஆகாது. அன்னைக்கு வரைக்கும் "எங்ககிட்ட வந்தா நல்லாகும்"னு வாயாலயே சொல்லிட்டிருந்தவங்களைக் கணக்கு காட்டச் சொன்னாரே, அது பெரிய காரியம். களத்துக்காரன் எனக்குத் தெரியும், எடை போடாம விலை பேசக் கூடாது.

ஆகஸ்ட் 6, இரவு

'ங்க' பத்திச் சொல்றேன். நாலு நாளா இதைத்தான் எழுதணும்னு இருந்தேன்.

என் தெரபிஸ்ட் தஞ்சாவூர்ப் பக்கம். ஒரு வருஷம் போன பொறகு, ஒரு மே மாசம், மூணு வாரம் லீவுன்னார்.

"சரிங்க."

"கோவம் வருதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"வருத்தமா?"

"இல்லீங்க, நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க."

அவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஒரு நிமிஷத்துல எத்தனை 'ங்க' போட்டீங்க?"ன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அது எங்க ஊரு மரியாதைங்க, பச்சைக் குழந்தைக்கும் போடுவோம்னு விளக்கம் கொடுத்துட்டு வந்துட்டேன். சூலூர் தாண்டும்போது கை நடுங்குது. அவ்வளவு ஆத்திரம். எவன்டா நீ லீவு போட? பல்லடம் வர்றதுக்குள்ள இனி இந்தப் பக்கமே வர்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஃப்ராய்டுகிட்டயும் ஒரு பொண்ணு இப்படிப் போயிருச்சு. டோராங்கற பேர்ல எழுதியிருக்கார். பதினோரு வாரம் வந்துட்டு 1900 டிசம்பர் 31ஓட நின்னுக்கிச்சு. என் மேல அவளுக்கு என்ன வந்ததுன்னு நேரத்துல கவனிக்காம விட்டுட்டேன்னு 1905ல அவரே ஒத்துக்கிட்டார். வீட்டுல ஒருத்தர் மேல இருக்கறதை வைத்தியர் மேல ஏத்தறதுக்கு டிரான்ஸ்ஃபரன்ஸ்னு பேர்.

நான் லீவு முடிஞ்சு போனேன். இருபது நிமிஷம் வாயே திறக்கலை. நிமிஷத்துக்கு 24 ரூபாய், மனசுக்குள்ள மீட்டர் ஓடுது. அப்புறம், "நீ போனது எனக்குப் பிடிக்கலை"ன்னேன். 'ங்க' இல்லாம, 'நீ'ன்னு. காது ரெண்டும் சுட்டுச்சு. அவர் எந்திரிச்சுப் போகலை, அம்மாகிட்டத் திரும்பி "அவனைச் சொல்லு"ங்கலை. "ம், சொல்லுங்க"ன்னார்.

நாப்பத்தி மூணு வயசுல, வயசுல மூத்த ஒரு ஆம்பளைகிட்டக் கோபத்தை நேராச் சொல்லி, அவரும் நானும் அதே ரூம்ல மிச்ச நேரத்தையும் உக்காந்திருந்தது அதுதான் முதல் தடவை. டிவிஎஸ் 50 ஞாபகத்தை விட இதுதான் என்னைக் கரை சேர்த்துச்சுன்னு இப்பத் தோணுது. ஆகஸ்ட் 4 குறிப்புல "பலமே இதுதான்"னு எழுதினதைப் பாதி அழிச்சுக்குங்க.

ஆகஸ்ட் 8, காலை 6.15

வாசகி நேத்து ராத்திரி சேர்த்த தகவல்: தம்பி ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கை கழுவறான், கதவுக் கைப்பிடியைத் துணி போட்டுப் பிடிக்கறான், தறிக்குடோன் எண்ணெய் மேல பட்டிருக்குமோன்னுதான் வெளியவே வர்றதில்லை, விரலெல்லாம் வெடிச்சு ரத்தம்.

அம்மிணி, நான் மேல எழுதினது எதுவும் உங்க தம்பிக்கு இல்லை. எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு இதைப் படிங்க.

இது ஓசிடி மாதிரி தெரியுது, வேண்டாம்னாலும் ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து, அதுக்காகச் செஞ்சதையே செய்ய வெக்கற நோய். உறுதி பண்ண வேண்டியது மனநல மருத்துவர். அதுதான்னா, அதுக்குன்னே ஒரு வழி இருக்குது, ஈ.ஆர்.பி.ன்னு சொல்வாங்க. அருவருக்கறதைக் கொஞ்சங் கொஞ்சமாத் தொட வெச்சு, கழுவ விடாம, அந்தத் தவிப்பு தானா அடங்கற வரைக்கும் கூட உக்காந்திருக்கறது. 1966ல விக்டர் மேயர்ங்கறவர் லண்டன்ல ஆரம்பிச்சு வெச்சது. வருஷக் கணக்கா ஆகாது, மாசக் கணக்குல பலன் தெரியும். கூட மாத்திரையும் தேவைப்படலாம். கை கழுவறதோட உள்ளர்த்தம் என்னன்னு ரெண்டு வருஷம் பேசினா அர்த்தம் கிடைக்கும், கை கழுவறது நிக்காது. ஃப்ராய்டு 1909ல 'எலி மனிதன்'னு ஒருத்தர் கதையை எழுதினார், அதுவும் இதே நோய்தான். படிக்க ரொம்ப ருசி. அந்த ருசியை நம்பி இன்னைக்கு ஓசிடிக்கு அந்த வழியில போகக் கூடாது.

எது எதுக்குப் போகணும்னு தெரியாம விடறதுதான் இதுல பெரிய ஆபத்து. அமெரிக்காவுல ஓஷெராஃப்னு ஒரு சிறுநீரக டாக்டர், 1979ல கடும் மனச்சோர்வோட ஒரு பேர் பெற்ற ஆஸ்பத்திரியில சேர்ந்தார். ஏழு மாசம் பேச்சு, மாத்திரையே கொடுக்கலை. மனுசன் தவிப்புல நாளைக்கு 18 மைல் வரைக்கும் வராந்தாவுலயே நடந்திருக்கார், பாதம் புண்ணாகிற வரைக்கும். வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தி மருந்து கொடுத்ததும் சில வாரத்துலயே தெளிஞ்சுது. வழக்குப் போட்டார், 1987ல சமரசம் ஆச்சு. மருந்து கேக்கற நோய்க்கு மருந்தைச் சொல்லாம மறைக்கலாமாங்கற கேள்வி அதுக்கப்புறம் அந்தத் தொழிலை விடவே இல்லை.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்க. போறதுக்கு முன்ன ஆருகிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம். தம்பி வாயிலிருந்து சாகறேன்னு ஒரு வார்த்தை வந்துதுன்னா காத்திருக்காதீங்க, அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

நீங்க பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்காம 4ஆம் தேதி அந்த நீளத்துக்கு என் கதையை அளந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெள்ளகோயில்காரர் ஒருத்தர்: "கனவுக்கு அர்த்தம் சொல்ல நம்மகிட்ட சிவன்மலை இருக்கறப்ப ஃப்ராய்டு எதுக்கு?"

கேலியாக் கேட்டாலும் நல்ல கேள்வி. தெரியாதவங்களுக்கு: சிவன்மலை முருகன் ஆராவது ஒரு பக்தர் கனவுல வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவங்க கோயிலுக்கு வந்து சொல்லணும். சாமிகிட்டப் பூப்போட்டுக் கேப்பாங்க. வெள்ளைப்பூ வந்தா அந்தப் பொருள் உத்தரவுப் பெட்டிக்குள்ள போகும், அடுத்த கனவு வர்ற வரைக்கும் அங்கேயே இருக்கும். பெட்டியில வெச்ச பொருளோட விலை ஏறும், இல்ல இறங்கும்ங்கறது நம்பிக்கை. மஞ்சளை வெச்சா ஈரோட்டு மண்டிக்காரங்க காதைத் தீட்டிக்குவாங்க. ஒரு ஆள் கண்ட கனவு ஊருக்கே சொந்தம்.

ஃப்ராய்டு இதுக்கு நேர் எதிர். மஞ்சள்னா விலை, பாம்புன்னா எதிரின்னு அகராதி போட்டுச் சொல்றது அவர் ஆரம்பத்துல சொன்ன முறை இல்லை. கண்டவனையே "இதைக் கேட்டதும் என்ன தோணுது?"ன்னு கேக்கணும். பொறகு அவரே நிறைய அகராதி போட்டார்ங்கறது வேற விஷயம், அவரோட சறுக்கல்ல அது ஒண்ணு.

ஆனா எங்க வீட்டுல ஒண்ணு நடந்துச்சு. எனக்கு எட்டு வயசு இருக்கும். அம்மா கனவுல அரிசி அளக்கற படி காலியா இருக்கறதைக் கண்டுட்டு, தலைக்குத் தண்ணி வாத்துட்டு, சிவன்மலைக்கு நடந்தே போச்சு. வெள்ளைப்பூ வரலை. திரும்பி வந்து அடுப்புப் பத்த வெச்சுச்சு. அந்தக் கனவைப் பத்திச் சாகற வரைக்கும் மறுபேச்சு பேசலை. சாமி ஏத்துக்காத கனவை வெச்சுக்கிட்டு ஒரு பொம்பளை என்ன பண்ணுவா? அந்தக் காலிப் படியைப் பத்தி "என்ன தோணுது?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தா என்ன சொல்லியிருக்கும்? நானும் கேக்கலை.

இன்னொண்ணு, 'ஃப்ராய்டு மேல்நாட்டுச் சரக்கு'ங்கறவங்களுக்கு. கல்கத்தாவுல கிரீந்திரசேகர் போஸ் 1922லேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை ஆரம்பிச்சுட்டார். உங்க கொள்கை எங்க நோயாளிகளுக்கு அப்படியே பொருந்தலையேன்னு ஃப்ராய்டுக்கே கடுதாசி போட்டவர். 75ஆவது பிறந்தநாளுக்கு, 1931ல, தந்தத்துல ஒரு விஷ்ணு சிலை அனுப்பினாங்க. ஃப்ராய்டு மேசையில வெச்சார். கொஞ்ச நாள்ல விரிசல் விட்டுச்சு. கல்கத்தாவுல பழகின சாமிக்கு வியன்னா சீதோஷ்ணம் ஒத்துக்கலையோன்னு டைரியில எழுதி வெச்சுட்டார். வியன்னாச் சரக்கு கல்கத்தாவுல விரிசல் விட்டதைப் பத்தியும் அவர் அந்த அளவுக்காவது ரோசனை பண்ணியிருக்கலாம்.

ஆகஸ்ட் 11

"அப்போ கோயிலே போதும்ல?" அதே வெள்ளகோயில்காரர்.

சிலதுக்கு ஏதோ பண்ணத்தான் செய்யுது. 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, தமிழ்நாட்டுல ஒரு முத்துசாமி கோயில்ல தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பத்தி. மந்திரம், கட்டு, அடி ஒண்ணும் கிடையாது. தங்கி, கோயில் வேலை செஞ்சு, பூசையில நிக்கறது. சராசரியா ஆறு வாரத்துல நோய் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சுது. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமும் இல்லை. அதே நாட்டுலதான் 2001 ஆகஸ்ட் 6ல ஏர்வாடியில சங்கிலி போட்டுக் கட்டியிருந்த 28 பேர் தீயில போனாங்க. ரெண்டையும் சேர்த்தே பேசணும்.

ஆத்திரத்துக்கு ஆனைமலை மாசாணியம்மன்கிட்ட மிளகாய் அரைச்சுப் பூசறதைப் பத்தி இன்னொருத்தர் எழுதியிருந்தார். ஆமாங்க, நானும் அரைச்சிருக்கேன். கை எரிஞ்சுது. ஆனா என் கோபம் செத்துப்போன அப்பா மேல. அதுக்கு எந்தக் கல்லுல அரைக்கறது?

ஆகஸ்ட் 12

"சரி, நல்லா எடை போட்ட கணக்கு ஏதாவது இருக்குதா?"

இருக்குது. லண்டன் டாவிஸ்டாக்ங்கற மனநல மையத்து ஆய்வு, 2015. ஏற்கெனவே ரெண்டு வைத்தியமாவது பார்த்தும் தீராத மனச்சோர்வு, 129 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மறு பாதிக்கு அதோட வாரம் ஒரு தடவை 18 மாசம் உளப்பகுப்பாய்வு வழியிலான பேச்சு. முடிஞ்ச அன்னைக்குப் பார்த்தா ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. காசு கொடுத்தவன் திட்டியிருப்பான். ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தப்பத்தான், பேசினவங்கள்ல 44 சதவீதத்துக்கு அந்த நோய்னு சொல்ற அளவுக்கு இல்லை. மறு பக்கம் 10 சதவீதம். ஆனா சுத்தமா விட்டுப் போனவங்க பேசின பக்கத்துலயே கிட்டத்தட்ட 15 சதவீதம்தான்.

ஐசெங்க் திட்டறதுக்குச் சொன்ன எண்ணும் 44, இவங்க மெச்சிக்கறதுக்குச் சொன்ன எண்ணும் 44. சும்மா ஒத்துப் போனதுதான், இருந்தாலும் சிரிச்சுக்கிட்டேன். எனக்கும் நிறுத்தின பொறகுதான் பாதி வேலை நடந்துச்சு.

ஆகஸ்ட் 14, வியாழன், இரவு 10.30

அக்கா இந்த இழையைப் படிச்சிருச்சு. கரூர்ல இருந்து ஃபோன்.

"ஏன்டா, ஐயன் ஆறு மணிக்கு எப்படா ஊட்டுக்கு வந்தாரு? மில்லுல கணக்கு முடிச்சு வர எட்டு, எட்டரை ஆகும். டிவிஎஸ் 50 வாங்கினதே நீ காலேஜுக்குப் போன பொறகு. அதுக்கு முன்ன சைக்கிள்டா."

நான் வாதம் பண்ணினேன். எனக்கு அந்தச் சத்தம் காதுல இருக்குதுன்னேன். அக்கா ஆர்.சி. புக் பொட்டியில இருக்குது எடுத்துப் பாருன்னுச்சு. பார்த்தேன். 1996. எனக்கு அப்ப 18 வயசு.

ஒன்றரை லட்சம் கொடுத்துக் கண்டுபிடிச்ச ஞாபகம், நடக்கவே நடக்காத ஒண்ணு. "அவனைச் சொல்லு" மட்டும் நெசம், அதை அக்காவும் ஒத்துக்கிச்சு.

இந்த வைத்தியத்தோட மோசமான ஓட்டை இதுதான். ரூம்ல ரெண்டே பேர். சாட்சி கிடையாது. வைத்தியர் தலையாட்டறார், நாம கதையை இன்னும் கொஞ்சம் மெழுகறோம். ஃப்ராய்டுக்கும் இது தெரியாம இல்லை. 1937ல, சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்ன, நாங்க கட்டிக் கொடுக்கற கதையை நோயாளி உறுதியா நம்பிட்டா, நெச ஞாபகம் வந்ததுக்குச் சமமா அதுவும் வேலை செய்யுதுன்னு எழுதினார். அதை அவர் நல்ல செய்தியா எழுதியிருக்கார். என்னைக் கேட்டா, அது பாதி ராத்திரியில எழுப்பி விடற செய்தி. எனக்கு வந்த பொய்யில ஒரு டிவிஎஸ் 50தான் இருந்துச்சு. 1980, 90கள்ல அமெரிக்காவுல சில தெரபி ரூம்ல 'மீட்டெடுத்த' ஞாபகத்தை வெச்சு பெத்தவங்க மேல கேஸே போட்டிருக்காங்க.

அக்கா வைக்கறதுக்கு முன்ன கேட்டேன், அப்போ ஆறு மணிக்கு என்னதான் இருந்துச்சு?

"ஒண்ணும் இருக்காது. அம்மா பால் ஊத்தப் போயிரும், நான் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போயிருவேன். நீ தனியாத் திண்ணையில உக்காந்திருப்ப. லைட்டுக்கூடப் போட மாட்ட."

அப்போ அந்த மூணு வார லீவுக்கு எனக்கு வந்த ஆத்திரம்... வேண்டாம். பாருங்க, மறுபடியும் ஆரம்பிக்கறேன்.

ஆகஸ்ட் 24, மாலை 6.20

வாசகி எழுதியிருக்காங்க: ஓசிடிதான்னு சொல்லிட்டாங்களாம், மாத்திரை ஆரம்பிச்சாச்சு, ஈ.ஆர்.பி. ரெண்டு தடவை ஆச்சு. தம்பி கதவுக் கைப்பிடியை வெறுங்கையில பிடிச்சுட்டு, கழுவாம, வேர்த்து விறுவிறுத்துப் பதினோரு நிமிஷம் உக்காந்திருந்தானாம். "பேசறதுக்குக் காசா?"ன்னு எந்திரிச்சு வந்த அப்பாதான் பக்கத்துல கடிகாரத்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாராம். சந்தோசம் அம்மிணி. பதினோரு நிமிஷம் நெம்ப நேரம்.

டிவிஎஸ் 50 பொய்யின்னு தெரிஞ்ச பொறகு ஆறு மணிக்கு உனக்கு என்ன ஆகுதுன்னு மூணு பேர் கேட்டாச்சு. இப்ப மணி ஆறு இருபது. பால் வண்டி போயிருச்சு. இன்னைக்கு ஒண்ணும் இல்லை. சில நாள் இருக்கும். இருந்தா லைட்டைப் போட்டுட்டுக் களத்துக்குப் போயிருவேன், பருப்பு மேல தார்ப்பாய் இழுத்துப் போடற வேலை எப்பவும் இருக்குது.